பாதி விலைப் பாக்கெட்டை வாங்கப்போகும் தம்பிகளுக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பிகளே,

துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட், ஜூரோங் என்று நீங்கள் எந்த விடுதியில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிப்பவர், கட்டடத்தில் கம்பி கட்டுபவர், லாரி ஓட்டுபவர், எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்பது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல இங்கே இடத்தை வீணாக்கப் போவதில்லை. இது உங்கள் சம்பளத்தையும் ஒர்க் பெர்மிட்டையும் பற்றிய மடல்.

சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஓய்வு என்ற நிம்மதியில் கட்டிலில் சாய்ந்திருக்கும்போது அந்தச் செய்தி கைப்பேசிக்கு வரும். “அண்ணே, வெளிநாட்டுச் சரக்கு வந்துருச்சு. கடை விலையில பாதிதான். ரெண்டு பண்டல் எடுத்தா இன்னும் குறைச்சுக்கலாம். கேட்டுக்கே கொண்டாந்து தர்றோம்.” அனுப்பியவன் முகம் உங்களுக்குத் தெரியாது. டெலிகிராமில் ஒரு பெயர், முகநூலில் ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் தமிழில் பேசுகிறான், அண்ணே என்கிறான், அறையில் இருக்கும் இன்னொருவர் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார். நமக்கும் இரண்டு பாக்கெட் சொல்லிவைத்தால் என்ன என்று தோன்றும். மாதம் முழுக்க வெயிலில் நின்று சம்பாதிக்கிற காசில் நாலு வெள்ளி மிச்சமானாலும் லாபம் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த நாலு வெள்ளி எங்கிருந்து மிச்சமாகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

சிங்கப்பூரில் சிகரெட்டின் மேல் தீர்வை உண்டு. 2023 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் அதை 15 விழுக்காடு கூட்டினார்கள். அதன்படி ஒரு சிகரெட்டுக்கு 49.1 சென்ட் ஆனது. அதுவும் எடை ஒரு கிராமுக்குள் இருந்தால்தான். ஒரு கிராமைத் தாண்டிக் கொஞ்சம் கூடினாலும் அடுத்த கிராமுக்கும் சேர்த்து வாங்குவார்கள். இருபது சிகரெட் உள்ள பாக்கெட்டுக்குத் தீர்வை மட்டும் 9 வெள்ளி 82 சென்ட் ஆகிறது. அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அந்த வரி சரக்கின் விலைக்கு மட்டுமில்லை, தீர்வையையும் சேர்த்த தொகைக்குப் போடுவது. ஆக, ஒரு பாக்கெட்டில் அரசுக்குப் போய்ச் சேர வேண்டியதே பத்தரை வெள்ளிக்கு மேல். இது 2023 தீர்வை வீதத்தில் போட்ட கணக்கு. வீதம் அதற்குப் பின் கூடியிருந்தால் இந்தத் தொகையும் கூடும்.

இப்போது அந்தச் செய்தியை மறுபடி படியுங்கள். கடையில் பதினைந்து வெள்ளியை ஒட்டி விற்கும் பாக்கெட்டை ஒருவன் ஏழு, எட்டு வெள்ளிக்குத் தருகிறான். வரியே பத்தரை வெள்ளி இருக்கும்போது எட்டு வெள்ளிக்கு எப்படிக் கொடுக்க முடியும்? வரி கட்டவில்லை என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம், அந்த விலை போதும். “எனக்குத் தெரியாது சார், மலிவா கிடைச்சுது, வாங்கினேன்” என்று அதிகாரியிடம் சொல்பவரைப் பார்த்து அவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

விலையை விட்டாலும் பாக்கெட்டே காட்டிக்கொடுத்துவிடும். 2020 ஜூலை 1 முதல் இங்கே கடையில் விற்கும் சிகரெட் எல்லாம் ஒரே மாதிரி உறையில்தான் வருகிறது. மங்கிய பழுப்பு நிறம், நிறுவனத்தின் சின்னம் கிடையாது, பெயர்கூட எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில். உறையின் முக்கால் பங்கை நோய்ப் படமும் எச்சரிக்கையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் கைக்கு வருவதோ சிவப்பும் பொன்னிறமுமாகப் பளபளவென்று இருக்கும், எச்சரிக்கை ஏதோ ஒரு மொழியில் சின்னதாக இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடந்தால், பத்தடி தள்ளி நிற்கிற அதிகாரிக்கும் அது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகளிடம் ஆழமாக வேரோடிப்போன ஒரு நம்பிக்கை இருக்கிறது. விற்பவன்தான் கள்ளன், வாங்கிக் குடிப்பவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது. ஊரில் அப்படித்தானே பார்த்திருக்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டம் அப்படி இல்லை. வரி கட்டாத சிகரெட்டை விற்பது மட்டுமில்லை, வாங்குவது, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது, கொடுப்பது, சேர்த்துவைப்பது, கையில் வைத்திருப்பது, எல்லாமே குற்றம். ஏய்த்த தீர்வைக்கும் பொருள் சேவை வரிக்கும் நாற்பது மடங்கு வரை அபராதம் போடலாம், ஆறு ஆண்டு வரை சிறையும் தரலாம், இரண்டையும் சேர்த்தும் தரலாம். வேண்டுமென்றே வரி ஏய்த்த புகையிலை வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், முதல் தடவைக்கே குறைந்தபட்ச அபராதம் 2,000 வெள்ளி. இன்னொரு தடவை அகப்பட்டால் 4,000. அப்படி மறுபடி மாட்டுகிறவரிடம் இரண்டு கிலோவுக்கு மேல் புகையிலை இருந்தால் சிறைத் தண்டனை கட்டாயம்.

ஒரு பண்டலில் பத்து பாக்கெட். அதன் வரி 107 வெள்ளி என்று வையுங்கள். நாற்பது மடங்கு என்றால் 4,280 வெள்ளி. நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. எழுபது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போனவருக்கு இது. எல்லோருக்கும் அதிகபட்சத் தொகையைப் போடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். சின்ன அளவில் அகப்பட்டவர்களை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் தொகை கட்டவைத்து விடுவதும் உண்டு. ஆனால் அது அவர்கள் முடிவு. நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும் சலுகை இல்லை அது.

அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். சிகரெட் பிடிக்கும் பழக்கமே கிடையாது. அறையில் கூட இருந்தவர் ஒரு பயணப் பையைக் கொடுத்து, “ரெண்டு நாள் உன் அலமாரில வெச்சுக்க தம்பி, என்னோடதுல எடம் இல்ல” என்றார். உள்ளே என்ன என்று இவனுக்குத் தெரியும். மூத்தவர், வேலையில் சேர்ந்த புதிதில் சோறு போட்டவர், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த இரும்பு அலமாரியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்தான். சோதனை வந்தபோது பை கொடுத்தவர் வேலைத்தளத்தில் இருந்தார். அலமாரிச் சாவி இவன் இடுப்பில் இருந்தது. குற்றம் இவன் பெயரில் பதிவானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது. ஸ்பெஷல் பாஸ் கொடுத்தார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு பொதுவாக வேலை பார்க்க முடியாது. வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய லட்சக்கணக்கான ரூபாய்க்கு வட்டி மட்டும் மாதாமாதம் ஓடியது. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல், கம்பெனியில் சம்பளம் தாமதம் என்றே சொல்லிவந்தான். அபராதம் கட்டக் காசில்லை, அதற்குப் பதிலாகச் சிறைக்குப் போனான். வெளியே வந்ததும் ஒர்க் பெர்மிட் ரத்து, ஊருக்கு விமானம். மறுபடி சிங்கப்பூரில் வேலைக்கு மனுப் போட்டால் கிடைக்காது என்று சொல்லியே அனுப்பினார்கள். பை கொடுத்தவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பையன் முட்டாள் இல்லை. மரியாதைக்குக் கட்டுப்பட்டவன். நம்மில் பெரும்பாலோர் அவன் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்போம். அதனால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தத் தொழிலை நடத்துகிறவர்கள் எதற்காக நம்மைத் தேடுகிறார்கள் என்பதை யோசியுங்கள். அவர்களுக்குச் சரக்கை இறக்கிவைக்க ஓர் அறை வேண்டும். விடுதி வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். காசு வந்து விழ ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதிகாரி வருகிறாரா என்று பார்த்துச் சொல்ல இரண்டு கண் வேண்டும். ராத்திரி ஒரு மணி நேர வேலைக்கு ஐம்பது வெள்ளி என்று சொன்னால், ஓவர்டைம் இல்லாத மாதத்தில் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஐம்பது வெள்ளி எதற்கு என்றால், அகப்படும்போது அந்த இடத்தில் நீங்கள் நிற்பதற்கு. ஏற்பாடு செய்தவன் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவான். பணம் வந்த கணக்கு உங்கள் பெயரில், பேநவ் பதிவு உங்கள் பெயரில், கைப்பேசியில் இருக்கும் உரையாடல் உங்களுடையது. கைப்பேசியைச் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டால் அழித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்ததும் வெளியே வரும். கம்பெனி லாரியில் ஏற்றிக்கொண்டு போனால் அந்த வண்டியையே பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலாளியின் லாரியைப் பிடிக்கவைத்த டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

உங்கள் வங்கி அட்டையையோ கணக்கையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். இது சிகரெட்டுக்கு மட்டும் சொல்வதில்லை.

சிலர் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். இங்கே இருப்பவனிடம் வாங்கினால்தானே வம்பு, நாமே ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுவோம் என்று. விடுமுறை முடிந்து திரும்பும்போது விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் ஒரு பண்டல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கடைக்காரர் ரசீது கொடுத்து, பையை ஒட்டிக் கொடுக்கிறார். எல்லாம் முறைப்படி நடந்ததாகத் தோன்றும். அந்தக் கடையில் இல்லாமல் போனது இந்தியாவின் வரி மட்டுமே. சாங்கியில் இறங்கியதும் சிங்கப்பூர் வரி அப்படியே நிற்கிறது. இந்தியாவுக்குள் வரும்போது 100 சிகரெட் வரை சலுகை உண்டு என்பதால் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். சாராய வகைக்கு இங்கே நிபந்தனைகளோடு ஒரு சலுகை இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. சிகரெட்டுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. 1991இலேயே அதை எடுத்துவிட்டார்கள். பாதி குடித்து மீதி வைத்திருக்கும் திறந்த பாக்கெட்டுக்கும் தீர்வை உண்டு, அதில் ஒரே ஒரு சிகரெட் மிச்சம் இருந்தாலும் உண்டு. ஜோகூர் பாருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போய் வருகிறவர்கள் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சில்லறை அளவில்தான்.

கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. சிவப்புப் பாதையில் போய், “என்னிடம் இத்தனை சிகரெட் இருக்கிறது” என்று நீங்களாகவே முதலில் சொல்ல வேண்டும். 400 கிராம் வரை அங்கேயே வரியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். சுங்கத்துறையின் இணையச் செயலியில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டவும் முடியும். கட்டிய ரசீதைக் கடைசி சிகரெட் தீரும்வரை பத்திரமாக வைத்திருங்கள். கட்டிப் பார்த்தால் இங்கே கடையில் வாங்குவதைவிட லாபம் ஒன்றும் பெரிதாக நிற்காது. ஆனால் மடியில் கனம் இருக்காது. பச்சைப் பாதையில் நடந்துவிட்டுப் பிடிபட்ட பிறகு “கட்டலாம்னு இருந்தேன் சார்” என்றால் அது எடுபடாது.

தபாலில் வரவழைப்பது இதைவிட மோசம். மச்சானிடம் சொல்லி பீடிக்கட்டோ சிகரெட்டோ துணி மூட்டைக்குள் வைத்து அனுப்பச் சொல்வது, வெளிநாட்டு இணையக் கடையில் பணம் கட்டிப் பார்சலில் எடுப்பது, இரண்டும் ஒன்றுதான். 400 வெள்ளிக்குள் வரும் பார்சலுக்கு இறக்குமதியில் பொருள் சேவை வரி வாங்குவதில்லை என்று எங்கேயோ கேட்டுவிட்டு, அதை நம்பிச் சிலர் இறங்குகிறார்கள். அந்த விலக்கு புகையிலைக்கும் மதுவுக்கும் பொருந்தாது. பார்சல்கள் ஊடுகதிர்ப் பெட்டிக்குள் போகின்றன. மேலே “துணிகள்” என்று எழுதி உள்ளே சிகரெட் இருந்தால், பொய்யாக அறிவித்ததும் குற்றத்தில் சேரும். பெறுநர் முகவரியில் உங்கள் பெயரும் விடுதி அறை எண்ணும் தெளிவாக எழுதியிருக்கும்.

ஹான்ஸ், கூல் லிப், குட்கா, கைனி இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லும் புகையிலைக்கு இங்கே வரி என்ற பேச்சே இல்லை, முழுத் தடை. ஊரில் உதட்டுக்குள் வைத்துப் பழகியவர்கள் பையில் இரண்டு பொட்டலம் போட்டுக்கொண்டு வராதீர்கள், கொண்டுவந்தாலே குற்றம். மின்சிகரெட்டுக்கும் முழுத் தடைதான். 2018 பிப்ரவரியிலிருந்தே கையில் வைத்திருப்பதும் குற்றம். அதற்குள் போதைப் பொருள் கலந்து விற்கத் தொடங்கிய பிறகு சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது.

இன்னொரு வகை நட்டமும் நடக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. டெலிகிராமில் ஆர்டர் எடுத்துக்கொண்டு முன்பணம் கேட்பான். கட்டியதும், “சரக்கு சுங்கத்துல நிக்குது, இன்னும் நூறு வெள்ளி போட்டா ரிலீஸ் ஆகும்” என்பான். அதையும் கட்டினால் இன்னொரு காரணம் சொல்வான். சரக்கு என்று ஒன்று ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குவார், போனால் என்ன வாங்கப் போனாய் என்று கேட்பார்களே என்று. அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவன் தொழிலே நடக்கிறது. நிஜமாகச் சரக்கு வந்தாலும் அதில் என்ன புகையிலை, எங்கே சுற்றியது, எந்த எலி ஓடிய கிடங்கில் கிடந்தது என்று கேட்க உங்களுக்கு ஆள் இல்லை.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட தம்பி யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இரண்டு வார்த்தை. ஓடாதீர்கள், பொருளைத் தூக்கி எறியாதீர்கள், நண்பனிடம் பொய் சொல்லச் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றும் வழக்கைக் கூட்டும். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. வாக்குமூலம் எழுதும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று உறுதியான பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692. சம்பளப் பிரச்சினைக்கு மட்டும் கூப்பிடும் எண் என்று நினைத்து ஒதுங்கி இருக்காதீர்கள், என்ன செய்வது என்று கேட்கவாவது கூப்பிடுங்கள். வீட்டுக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஊரில் கடன்காரரிடம் தவணை கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு நாள் வேண்டும்.

விடுதியில் மூத்தவர்களாக இருக்கும் அண்ணன்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். புதிதாக வரும் பையனுக்கு எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும், எந்த பஸ் தேக்காவுக்குப் போகும், பணம் எங்கே அனுப்பலாம் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். யாருடைய பையையும் உன் அலமாரியில் வைக்காதே, மூத்தவர் கேட்டாலும் வைக்காதே, நானே கேட்டாலும் வைக்காதே என்று சொல்லுங்கள். அவன் முடியாது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவி எண் 1800 438 2000. விட முடியாதவர்கள் கடையில், முழு விலை கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பாதி விலைக்கு வருவதை மட்டும், ஒரு பாக்கெட்டானாலும், தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்